தலைதட்டிய குரல்

மின்னேற்று நிலையத்தில் காலையிலேயே அடிதடி. வரிசையில் முன்னால் நின்ற வண்டியை ஒருவன் உதைத்துத் தள்ளினான். வண்டிக்காரன் ஹெல்மெட்டை ஓங்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கும் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காதில் விழுந்தது என்னவோ இவ்வளவுதான்:

“மூஞ்சியப் பேத்துடுவேன்.”

“எங்க, பேத்துப் பாரு.”

முதல் குரல், விருந்தாளியிடம் இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா என்று கேட்கிற குரல். இரண்டாவது, போதும் போதும் என்று இலையை மறைக்கிற குரல். வரிசையில் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலில் சூடு இல்லையென்றால் சண்டை என்று யாருக்குத் தோன்றும்? ஹெல்மெட் மண்டையில் இறங்கி ரத்தம் வழிந்த பிறகுதான் நாலு பேர் ஓடி வந்து விலக்கினார்கள்.

அமலோற்பவம் தன் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விலக்கப் போகவில்லை. அவளுக்கு அன்று இதைவிடப் பெரிய சண்டை ஒன்று காத்திருந்தது.

எல்லார் காதிலும் இருப்பதுபோல அவள் காதிலும் செவிமணி இருந்தது. பட்டாணி அளவுக் கருவி. பிறந்த குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போதே அளவெடுத்துப் பொருத்திவிடுவார்கள். அதைக் கழற்றிவிட்டு வெளியே நடமாடுவது குற்றம். வீட்டில் கழற்றலாம்தான், ஆனால் காது கூசும் என்று யாரும் கழற்றுவதில்லை. எவர் பேசினாலும் அந்தப் பேச்சு செவிமணிக்குள் இருக்கும் இன்குரலி என்ற சில்லைத் தாண்டித்தான் உள்ளே போகும். சில்லு சொற்களைத் தொடாது. சொற்களில் ஒட்டியிருக்கும் கரகரப்பு, கீச்சு, நடுக்கம், உரப்பு எல்லாவற்றையும் இழைத்து எடுத்துவிட்டு மீதியை வழவழவென்று தரும். மைக், போன், ஒலிப்பதிவுக் கருவி எல்லாவற்றிலும் அதே சில்லு உண்டு.

கலவர ஆண்டுகளுக்குப் பிறகு வந்த சட்டம் அது. எவனோ ஒருவன் மேடையில் கத்தியது ஊர் ஊராகப் பரவி, தெருத் தெருவாக எரிந்த காலம் ஒன்று இருந்ததாம். கோபம் குரல் வழியாகத்தான் தொற்றுகிறது என்று நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். தொற்றைத் தடுத்தார்கள். தெருக்கள் எரிவது நின்றதும் உண்மைதான். அமலோற்பவம் பிறந்ததே அதற்குப் பிறகு. இன்னொரு மனிதர் கத்தி அவள் கேட்டதே கிடையாது.

ஒரே ஒரு விலக்கு, இசைக்கு. சில்லு வந்த புதிதில் நாகஸ்வரத்தையும் பறையையும்கூட அது இழைத்துத் தள்ள, கலைஞர்கள் ஒட்டுமொத்தமாகக் கச்சேரியை நிறுத்தினார்கள். கல்யாண வீடுகள் எல்லாம் எழவு வீடு மாதிரி ஆனதும் அரசாங்கம் இறங்கி வந்தது. இசைக்கருவியாகப் பதிவு பெற்ற எதிலிருந்து வரும் ஒலியையும் இன்குரலி தொடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. அந்த ஒரு வரியில்தான் அமலோற்பவத்தின் பிழைப்பே ஓடியது.

புதுச்சேரியில் ஜாபரும் அவளும் சேர்ந்து ‘உரசல்’ என்ற சின்ன நிறுவனம் நடத்தினார்கள். பழைய காலத்துக் கிட்டார்க்காரர்கள் காலடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்து மிதிப்பார்கள். உள்ளே இரண்டு மூன்று டிரான்சிஸ்டர்கள் இருக்கும். டிரான்சிஸ்டரின் வேலை சின்ன ஒலியைப் பெரிதாக்குவது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அளவுக்கு மீறி ஒலியைக் கொடுத்தால், தாழ்ந்த வாசலில் நுழைகிற நெட்டையன் மாதிரி ஒலியலை தலைதட்டி நிற்கும். அந்தத் தலைதட்டலில் ஓர் உறுமல் பிறக்கும். அந்த உறுமலுக்குத்தான் பாட்டுக்காரர்கள் உயிரை விடுவார்கள். பெட்டிகளெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதால், அந்த டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்து, கணினிக்குள் அச்சு அசல் அதேபோல நடந்துகொள்ளும் எண்மாதிரி செய்வது அமலோற்பவத்தின் வேலை. அந்த மென்பொருளுக்கு ஒலித்திரிபி என்று பெயர். வாங்குகிறவர்கள் சுருக்கமாகத் திரிபி என்பார்கள்.

ஸ்கூட்டர் நிரம்பியதும் அண்ணி பிலோமினாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிழக்குத்துறைக்குக் கிளம்பினாள். அங்கே விசாரணை ஆணையம் கூடியிருந்தது.

கிழக்குத்துறை அம்மோனியா ஆலையில்தான் அவள் அண்ணன் சவரிநாதன் வேலை பார்த்தான். ஷிப்டுக்கு அவன்தான் மேஸ்திரி. தன் தெருவைச் சேர்ந்த இரண்டு இளந்தாரிகளோடு அவன் ஒருநாள் குழாய் அறைக்குள் போனபோது வாயு கசிந்தது. அறைக் கதவைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்தான் திறக்க முடியும். கதவு திறந்தபோது மூவரும் பிணமாக இருந்தார்கள். சவரிநாதன் தன் கழுத்துமைக்கில் கடைசியாகப் பேசியது பதிவில் இருந்தது:

“இங்க வாடை தாங்கல. கதவத் தெறங்க. மூணு பேரு உள்ள இருக்கோம். கதவத் தெறங்க.”

இனிமையான குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே சாவகாசமான இடைவெளி. ஆலை அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: சாகப்போகிறவன் இப்படி நிறுத்தி நிதானமாகவா பேசுவான்? கசிவு தெரிந்தும் சவரிநாதன் அலட்சியமாக இருந்தான், அவன் அலட்சியத்தால் இரண்டு பிள்ளைகள் போனார்கள் என்று முடித்துவிட்டது. அபாயப் பொத்தான் வாயு பீறிட்ட சுவரிலேயே இருந்ததைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

தெரு அதை நம்பிவிட்டது. அதுதான் பிலோமினாவைத் தின்றது. கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. செத்தவர்களில் ஒருவனின் தாய் லூர்து, எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

“அவரு என்னிக்கும் எதையும் மெதுவாச் சொன்ன ஆளே கெடையாது, அம்லு,” என்றாள் பிலோமினா, காற்றுக்கு முகத்தைத் திருப்பியபடி. “கொழம்புல உப்பு கம்மின்னாக்கூட ஊரே எழுந்து நிக்கிற மாதிரிதான் கைய கால ஆட்டுவாரு.”

“நிரூபிச்சுக் காட்டுறேன் அண்ணி. இன்னிக்கு அந்த வக்கீல் மூஞ்சிய நீ பாரு.”

கழுத்துமைக்குகள் மட்டமான சரக்கு என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும். அதே வகையில் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கிப் பிரித்தும் பார்த்திருந்தாள். உள்ளே, இன்குரலிச் சில்லுக்கு முன்னால், பழைய பாணியில் ஒற்றை டிரான்சிஸ்டர். பெரிய சத்தம் வந்து தலைதட்டினால் இந்த மாதிரி அமைப்பு உடனே தெளியாது, ஒரு கணம் வாயடைத்து நிற்கும். அந்தக் கணத்தில் பேசியது எதுவும் பதிவாகாது. சில்லு எவ்வளவுதான் இழைத்தாலும் இல்லாத ஒலியை உண்டாக்க முடியாது. அண்ணன் நடுநடுவே நிறுத்தவில்லை, அவன் கத்தியதில் டிரான்சிஸ்டர் வாயடைத்துப் போயிருக்கிறது என்பது அவள் கட்சி.

ஆணையத்தின் கூடம் குளுகுளுவென்று இருந்தது. தலைவர் பத்மலோசனி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஆலைக்கு வழக்கறிஞர் நிரஞ்சன். அவருக்குப் பக்கத்தில் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர் குணாளன், தலையைக் குனிந்தபடி. கடைசி வரிசையில் லூர்துவும் இன்னொரு குடும்பமும்.

குணாளனை எழுப்பிக் கேட்டார்கள்.

“சாதாரணமாத்தான் மேடம் கேட்டாரு. வேலை முடிஞ்சு வெளிய வர்றாங்கன்னு நெனச்சேன். அதுக்கு முன்னாடி வேற ரெண்டு கதவு பாக்கி இருந்துச்சு. அத முடிச்சிட்டு இதத் தொறந்தேன்.” அவன் கைகள் நடுங்கின. குரலில் நடுக்கம் கேட்கவில்லை.

அமலோற்பவத்தின் முறை வந்தது. பதிவின் அசலை முன்கூட்டியே தர ஆலை மறுத்திருந்தது. கூடத்திலேயே ஆராய்ந்து காட்டட்டும் என்றார் நிரஞ்சன். வீம்புக்கு அவளும் சரி என்றாள். தன் எண்மாதிரியைத் திறந்து, எவ்வளவு உரத்துப் பேசினால் இந்த இடைவெளிகள் விழும் என்று கணக்குக் கேட்டாள்.

கணக்கு காலை வாரிவிட்டது. மனிதத் தொண்டையால் முடிந்த எந்தக் கத்தலுக்கும் அந்த டிரான்சிஸ்டர் வாயடைக்காது என்று திரையில் விழுந்தது. இடைவெளிகள் பேசியவர் தாமாக விட்ட இடைவெளிகளே.

“நன்றிம்மா,” என்றார் நிரஞ்சன். “நாங்க சொல்ல வேண்டியதை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிட்டீங்க. இதை எங்கள் தரப்புச் சான்றாகவே சேர்த்துக்கலாம், மேடம்.”

சேர்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் லூர்து எழுந்து வெளியே போனாள். அண்ணனைக் காப்பாற்றப் போன தங்கையே அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டாள் என்று நாளைக்குத் தெருவெல்லாம் பேசும். அமலோற்பவத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வெளியே வந்து, கையோடு கொண்டுவந்திருந்த கழுத்துமைக்கை ஸ்கூட்டர் பெட்டிக்குள் எறிந்து மூடினாள்.

சாப்பாட்டுக் கடையில் பிலோமினா சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: “நீ வராமலே இருந்திருக்கலாம்.” செவிமணி அதையும் பதமாகத்தான் தந்தது. ஆனால் அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன வேகத்தை இழைக்க எந்தச் சில்லும் இல்லை.

அண்ணியைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, கொதிக்கிற சித்திரை வெயிலில் அமலோற்பவம் உரசலுக்கு வந்து சேர்ந்தாள். ஜாபர் ஏசியைக் கூட்டிவைத்துவிட்டுத் தண்ணீர் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த கழுத்துமைக்கை அப்படியே அளவுக் கருவியில் மாட்டினாள். கை பொசுங்கியது, கவனிக்கவில்லை. பதிவான ஒரு கைதட்டலை அதற்குள் விட்டாள். திரையில் கைதட்டல் எழுந்தது, அடுத்து ஒரு கணம் ஒன்றுமே இல்லை, அப்புறம்தான் மீதி வந்தது.

“பாரு! வாயடைக்குது!” என்றாள்.

ஜாபர் வந்து பார்ப்பதற்குள் அவள் மறுபடி விட்டாள். இடைவெளி சுருங்கியிருந்தது. இன்னொரு தடவை. இடைவெளியையே காணோம்.

“செத்த பீஸு, அமலா. உள்ள எங்கயோ ஒட்டல் விட்டிருக்கு. தூக்கிப் போடு.”

அவள் தூக்கிப் போடவில்லை. கழுத்துமைக்கை மறுபடி கையில் எடுத்தாள். இப்போது அது சில்லென்று இருந்தது. அதையே பார்த்தவள், நேரே வாசலுக்குப் போய் அதை வெயிலில் வைத்தாள். சூடேறியதும் எடுத்து வந்து மாட்டினாள். வாயடைத்தது.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அடித்தும் கொண்டாள். உலகத்தில் எந்த டிரான்சிஸ்டரின் அளவுத்தாளை எடுத்தாலும் மூலையில் இருபத்தைந்து டிகிரி என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டில் அளந்த கணக்கு அது. அளக்கிறவர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து அளப்பார்கள், மாதிரி செய்கிறவர்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து செய்வார்கள். தொழிலில் யாரும் அந்த மூலையை வாசிப்பதே இல்லை. சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர் தளர்ந்து, சின்ன அதட்டலுக்கே தலைதட்டிவிடும் என்று கல்லூரியில் படித்ததுதான். படித்ததோடு சரி. போன வருஷம் ஒரு பறைக் குழு எழுதியிருந்தது: “எங்க பழைய பெட்டி மத்தியான வெயில்ல இருமும். உங்க திரிபி இருமவே மாட்டேங்குது.” உங்கள் பெட்டி ரிப்பேர் என்று அவள் திமிராகப் பதில் போட்டிருந்தாள்.

“குழாய் அறையில என்ன சூடு இருந்திருக்கும் ஜாபர்?”

“நீராவிக் குழாய் போற எடம். வேக வெச்சிடும்.”

அறையின் வெப்பமானி அறுபத்தெட்டு டிகிரி காட்டியதாக ஆலையே ஆணையத்தில் கொடுத்த ஆவணம் ஒன்று சொன்னது. அமலோற்பவம் அன்றிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை. கழுத்துமைக்கை அடுப்பில் சுடவைத்துச் சுடவைத்து அளந்தாள். பழைய எண்மாதிரியை அழித்துவிட்டு, சூடு ஏறினால் தானும் தளர்கிற புதிய மாதிரியை எழுதினாள். அடுத்து அண்ணனின் தொண்டை வேண்டும். அவன் பேசிய பதிவு எல்லாமே இழைக்கப்பட்டவை. ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் அவன் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. சுருதி சேராத பாட்டுதான், ஆனாலும் இசை. சில்லு அதைத் தொடவில்லை. அதை வைத்து அவன் குரலைக் கட்டினாள். எந்த உரப்பில் கத்தினால் சுட்ட டிரான்சிஸ்டர் வழியாகப் போய், சில்லு வழியாகப் போய், ஆலையின் பதிவாகவே வெளியே வரும் என்று கணினியைத் தேடவிட்டாள்.

கிடைத்ததை முதலில் அவளும் ஜாபரும் கேட்டார்கள். திரிபி வழியாகத்தான் கேட்டார்கள், ஏனென்றால் திரிபி பதிவு பெற்ற இசைக்கருவி. ஜாபர் முழுசாகக் கேட்கவில்லை. நடுவிலேயே எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமலோற்பவம் கடைசிவரை கேட்டாள். மனிதனுக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு வருஷமும் இதை யார் யார் எழுப்பினார்களோ, யார் காதிலெல்லாம் இது இட்லி வேண்டுமா என்று விழுந்ததோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணியிடம் போய்ச் சொன்னாள். கேட்கிறாயா என்றாள்.

“தனியா எனக்கு வேணாம்,” என்றாள் பிலோமினா. “அவனுங்களும் கேக்கணும். எல்லாரோடயும் சேந்து கேக்குறேன்.”

ஆணையம் இரண்டாம் முறை கூடியபோது அமலோற்பவம் மடிக்கணினியோடு, ஓர் ஒலிபெருக்கியையும் பிலோமினாவின் ஹாட்பாக்ஸையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இட்லி வைக்கிற பாத்திரத்தில் சுட்ட மணல், அதற்குள் கழுத்துமைக்கும் ஒரு வெப்பமானியும். நிரஞ்சன் சிரித்தார்.

“சாப்பாடெல்லாம் வெளியில வெச்சுக்கலாமே?”

“இது உங்க ஆலைச் சூடு சார். போன தடவை நான் உங்க ஏசி சூட்டுல கணக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். இப்ப சரியாப் போட்டிருக்கேன்.”

தான் கட்டிய குரலைச் சுட்ட கழுத்துமைக்குக்குள் விட்டாள். வெளியே வந்ததையும் ஆலையின் பதிவையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இடைவெளிக்கு இடைவெளி பொருந்தியது. உரப்பைக் கொஞ்சம் குறைத்து விட்டாள், இடைவெளிகள் கலைந்தன. இன்னும் குறைத்தாள், காணாமலே போயின. ஆணையத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் எழுந்து வந்து, தானே இரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“அதாவது, அவர் உரத்த குரலில் பேசியிருக்கலாம் என்கிறீர்கள்,” என்றார் பத்மலோசனி.

“பேசல மேடம். கத்தியிருக்காரு.”

“சரி. வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பரிசீலிக்கிறோம்.”

“படத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது மேடம். கேக்கணும்.”

நிரஞ்சன் எழுந்தார். “கேட்டு என்ன ஆகப்போகுது? எங்க எல்லார் காதுலயும் செவிமணி இருக்கு. பதிவுல எப்படி இருந்ததோ அப்படித்தான் கேக்கும்.”

“கேக்காது சார்.” அவள் ஒலிபெருக்கியின் கம்பியைச் செருகினாள். “இது திரிபி வழியா வருது. திரிபி பதிவு பெற்ற இசைக்கருவி. அதுலருந்து வர்ற எதையும் இன்குரலி தொடக்கூடாதுன்னு உங்க சட்டமே சொல்லுது.”

“இது இசை இல்ல, மேடம்! ஆட்சேபிக்கிறேன்!” அவர் முகம் கறுத்திருந்தது. குரல் மட்டும் தாலாட்டு.

“எது இசைன்னு முடிவு பண்ற வேலைய சில்லுகிட்டயே விட்டுட்டீங்க இல்ல? அதையே கேளுங்க.”

பத்மலோசனி கையை உயர்த்தினார். பொறுங்கள் என்பதற்கா, சரி என்பதற்கா என்று தெரியவில்லை. அமலோற்பவம் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவுமில்லை. விசையை அழுத்தினாள்.

“கதவத் தெறங்க!”

சொல் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். குரல்தான் என்னவென்று யாருக்கும் புரியவில்லை. தொண்டை கிழிந்து, மூச்சு முட்டி, வார்த்தையின் பாதி இருமலில் உடைந்து வந்தது. அதட்டலும் கெஞ்சலும் அதில் ஒன்றாக இருந்தன. “மூணு பேரு உள்ள இருக்கோம்! புள்ளைங்க இருக்குதுங்க!” ஆலையின் பதிவில் பிள்ளைகளைப் பற்றிய அந்த வாக்கியம் இல்லை. டிரான்சிஸ்டர் வாயடைத்திருந்த இடத்தில் அது கிடந்ததா, கணினி இட்டு நிரப்பியதா என்று பிறகு வாதாடலாம் என்று அமலோற்பவம் அதை அப்படியே விட்டிருந்தாள். நிரஞ்சன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். அவர் வாழ்நாளில் முதல் முறையாகச் செவிமணி அவருக்கு உதவவில்லை.

“கதவத் தெறங்கடா! கதவத் தெறங்க!”

நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. குணாளன் எழுந்து ஓடினான். யாரையோ இடித்துக்கொண்டு, மேசை ஒன்றைத் தட்டிவிட்டு, கூடத்தின் கடைசிக்கு ஓடி, அங்கிருந்த பெரிய இரட்டைக் கதவைத் தோளால் மோதித் திறந்தான். இரண்டு கதவையும் அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்து நின்றான். சித்திரை வெயிலின் அனல் குளுகுளு கூடத்துக்குள் சட்டென்று நுழைந்தது.

பதிவு நின்றது.

“உங்களைக் கதவைத் திறக்கச் சொன்னது யார்?” என்றார் பத்மலோசனி. குரல் பழையபடி இனிமையாகத்தான் கேட்டது. அவர் உதடு நடுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

குணாளன் மூச்சு வாங்கினான். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் கதவை விடவில்லை.

“அண்ணன் கத்துறாரு மேடம். உள்ள மூணு பேரு இருக்காங்க.” அவன் முகம் கோணியது. “அன்னிக்கு இப்படிக் கேட்டிருந்தா... இப்படிக் கேட்டிருந்தா ஓடிப்போய்த் தொறந்திருப்பேனே மேடம். என் காதுல விழலையே.”

கடைசி வரிசையில் லூர்து எழுந்தாள். போன தடவை மாதிரி வெளியே போகப் போகிறாள் என்றே அமலோற்பவம் நினைத்தாள். வாசல் திறந்துதான் இருந்தது. லூர்து நடுவழியில் மெதுவாக நடந்து முன்னால் வந்தாள். பிலோமினா தனியாக உட்கார்ந்திருந்த பெஞ்சில், அவள் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். பிலோமினாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நிரஞ்சன் காதிலிருந்து கையை எடுத்தார். “மேடம், இது மக்களைத் தூண்டிவிடுகிற ஒலி. இன்குரல் சட்டத்தின்படி குற்றம். உடனே கைப்பற்றணும். நிறுத்தச் சொல்லுங்க.”

“நிறுத்துங்கள்,” என்றார் பத்மலோசனி, ஒலிபெருக்கியைப் பார்த்து. அது ஏற்கெனவே நின்றிருந்தது.

பிலோமினா எழுந்து நின்றாள். லூர்துவின் கையை விடாமலேதான் எழுந்தாள். மறு கையால் தன் இரண்டு செவிமணிகளையும் கழற்றி, எதிரே இருந்த மேசைமேல் வைத்தாள்.

“அம்லு,” என்றாள். “வக்கீலு ஐயா காதப் பொத்திக்கிட்டாரு. அவருக்குச் சரியா விழுந்திருக்காது. மறுபடியும் போடு.”

குணாளன் கதவைப் பிடித்தபடியே நின்றான். அமலோற்பவம் ஒலியளவைக் கடைசிவரை திருப்பினாள், மறுபடியும் போட்டாள்.